இன்னொரு பெயருக்கு ஓர் இடம்

ஜூன் 3, செவ்வாய்

பால் பூத் நடத்தும் சுடலை எல்லோர் முன்னாலும் கேட்டான். "சார்வாள், பஸ் எப்ப வரும்னு உங்க சைட்டைத் தொறந்தா சீட்டாட வாங்கன்னு கூப்பிடுதான். காலேஜ் சம்பளம் பத்தலியோ?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். எங்கள் 'நெல்லைபஸ்' இருந்த இடத்தில் ஒரு பெண் கையில் சீட்டுக்கட்டுடன் கண் சிமிட்டுகிறாள். அவளைச் சுற்றித் தங்கக் காசு கொட்டுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கும் ரயில் சந்திப்புக்கும் போகிற ஒவ்வொரு பேருந்தின் நேரத்தையும் நிறுத்தம் நிறுத்தமாக நின்று சேர்த்த தளம் அது. நர்ஸுகள் பார்ப்பார்கள். மில் ஆட்கள் பார்ப்பார்கள். ஆலங்குளத்திலிருந்து வருகிற என் மாணவிகள் அதைப் பார்த்துத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள்.

இணையத்தில் ஒரு பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். புதுப்பிக்காவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பெயரைப் புதுப்பிக்க வேண்டியவன் புதுப்பிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் உத்தரவு. நாட்குறிப்புக்கு மட்டும் விலக்கு: எபனேசர்.

ஜூன் 4, புதன்

முதல்வர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "என்ன ரம்மி சார், சௌக்கியமா?" என்றார். குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, சனி

பெயரை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. உரிமையாளருக்குப் பலமுறை எச்சரிக்கை அனுப்பினோம், அவர் பதில் தரவில்லை, புதியவர் விதிப்படி எடுத்திருக்கிறார், விதிகள் எங்களுடையவை அல்ல என்கிறார்கள்.

பலமுறை எச்சரிக்கை. அத்தனையையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்! துறைத்தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது. புள்ளியியலில் என்னைவிட மூத்தவர் அங்கே யாரும் இல்லை. அது அவனுக்குப் போனது. அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். போன வருடம் அவனே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஓடினான். நாற்காலியில் உட்காரத் தெரியாதவனுக்கு நாற்காலி. போகிற போக்கில் தளத்தையும் சாகவிட்டிருக்கிறான்.

விதிகள் யாருடையவை என்று தேடினேன். உலகத்துப் பெயர்களையெல்லாம் மேற்பார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. காலாவதியாகும் பெயர்களைப் பற்றி அவர்கள் புது விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரைவு வெளியாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாமாம்.

யார் வேண்டுமானாலும்! பல்கலைக்கழகத்துக்கும் இப்படித்தான் எழுதினேன். கலெக்டருக்கு, கல்வித்துறைக்கு, போக்குவரத்துக் கழகத்துக்கு. கிணற்றில் கல் போட்டால்கூட ஒரு சத்தம் வரும்.

ஜூன் 9, திங்கள்

இருந்தாலும் எழுதினேன். எட்டுப் பக்கம். மனத்திலிருந்ததை எல்லாம் எழுதினேன். பெயர் விற்பவர்களைப் பற்றி, விதி எழுதுபவர்களைப் பற்றி, "வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சாகவிட்ட உரிமையாளர்" பற்றி. என் ஆங்கிலம் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

அனுப்பி முடித்தபோது வடிவு காப்பி கொண்டுவந்தாள். "நேத்து மார்க்கெட்ல எபனேசர் அண்ணனப் பாத்தேன்" என்றாள்.

"அந்தப் பேரை எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

"பேசவே இல்ல. கையத் தூக்கிக் காட்டிட்டுப் போய்ட்டாவ. கழுத்துல துணி..."

"போதும்."

என் மனைவியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லையாம். அவ்வளவு திமிர்.

ஜூன் 12, வியாழன்

பால் பூத்துக்கு மூன்றாம் தெரு வழியாகத்தான் போகிறேன். அந்த வழியில் நாய்த் தொல்லை குறைவு. அவன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் தூசி படிந்து நிற்கிறது. துடைக்கக்கூடச் சோம்பல்.

ஜூன் 18, புதன்

பதில் வந்துவிட்டது.

இயந்திரம் அனுப்பும் பதில் இல்லை. மரியானா என்று ஒரு பெண், உருகுவே நாட்டிலிருந்து. என் எட்டுப் பக்கங்களும் வெளியிடப்பட்டுவிட்டன, கருத்துக் கேட்பு முடிந்ததும் சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தரப்படும், அது விதி என்று எழுதியிருந்தாள். சுட்டியைத் திறந்தேன். ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் வழக்கறிஞர் குழு. அதற்குக் கீழே: தில்லைநாயகம், பாளையங்கோட்டை. அதற்குக் கீழே ஏதோ ஓர் அரசாங்கம்.

ஒரே அளவு எழுத்து. வந்த வரிசைதான் வரிசை. யாரும் என்னை ஓரத்தில் உட்கார வைக்கவில்லை.

வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "உங்களுக்கு மேல இருக்கது யாரு?" "பெரிய கம்பெனி." "கீழ?" "ஒரு கவர்ன்மென்ட்டு." கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப அங்க மட்டும் ஏசாம எழுதியிருக்கலாம்" என்றாள்.

சாதாரணப் பயனர்களுக்கென்று அங்கே ஓர் அவை உண்டாம். வியாழன்தோறும் இணையவழிக் கூட்டம். கலந்துகொள்ளுங்கள் என்று அழைப்பு.

ஜூன் 26, வியாழன்

மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். யாராவது ஏதாவது விற்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

தலைவி லிட்டியா. ஃபிஜித் தீவில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தலையில் பூச்சூடி, பூப்போட்ட சட்டையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். கூட்ட நேரம் அடிக்கடி மாறுமாம். "யாராவது ஒருவர் தூக்கம் கெட்டே ஆக வேண்டும். எப்போதும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று எனக்கு விளக்கினார். சம்பளம் வாங்குவது மரியானா மட்டும். மற்றவர்கள் எல்லாம் என்னைப்போல. ஆர்மீனியாவில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். கேமரூனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்.

அங்கே ஒரு வழக்கம். பேச முடியாதவர்கள், பேச விரும்பாதவர்கள், லைன் சரியில்லாதவர்கள் எழுதி அனுப்பலாம். முதலில் 'கருத்து' என்று எழுதிவிட்டால் மரியானா அதைச் சத்தமாக வாசித்தாக வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. முடிவில் "கருத்து முடிந்தது" என்பாள். அதன்பின் அது வாயால் பேசியதற்குச் சமம். ஆர்மீனிய ஆசிரியர் எழுதி அனுப்பினார். அவள் வாசித்தாள்: "மரியானா மிகவும் வேகமாக வாசிக்கிறார், எனக்குப் பாதி புரியவில்லை. கருத்து முடிந்தது." முகம் மாறாமல் வாசித்தாள். பிறகு வேகத்தைக் குறைத்தாள்.

எங்கள் துறைக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

வேலை ஓடவில்லை. விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது.

நெல்லைபஸ் என்று ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் நின்று கைபேசியில் தட்டுகிறாள். அவள் கைபேசிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேலேயுள்ள ஒரு கணினியிடம் கேட்கிறது. அது இன்னும் மேலே கேட்கிறது. உச்சியில் ஒரு சிறிய பட்டியல். இந்த வகைப் பெயர்களைப் பற்றி இன்னாரைக் கேள் என்று மட்டும் அது சொல்லும். அதற்கும் மேலே யாரும் இல்லை. ராஜா இல்லை, ராணுவம் இல்லை. அந்தப் பட்டியலை நம்புவது என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக் காலை எல்லோரும் முடியாது என்று சொல்லிவிட்டால் ஒரு பெயரும் ஓர் இடத்துக்கும் போய்ச் சேராது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஃபிஜியில் ஒரு தபால்கார அம்மாள் தூக்கம் விழித்து அந்த ஒப்புதலுக்குக் காவல் இருக்கிறாள்.

மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கப் போனவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். காக்கை வற்றலைத் தின்றதற்கு வடிவிடம் ஏச்சு வாங்கினேன்.

ஜூலை 3, வியாழன்

இன்றைய கூட்டத்தில் லிட்டியா என் எட்டுப் பக்கத்தை எடுத்தார்.

"முழுவதும் படித்தோம். ஐந்து பக்கம் கோபம். ஆறாம் பக்கத்தில் ஒரு யோசனை" என்றார். எதை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் வாசித்தார். எச்சரிக்கை ஒரே முகவரிக்குத்தான் போகிறது, அந்த முகவரி செத்துப்போனால் எச்சரிக்கையும் சாகிறது, ஆகவே பெயரைப் பதிவுசெய்யும்போதே இன்னொருவர் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும், முதலாமவர் பதில் தராவிட்டால் அவருக்குச் சொல்ல வேண்டும்.

"இதைத்தான் இந்த அவையின் கோரிக்கையாக முன்வைக்கலாம் என்று நினைக்கிறோம். இந்தப் பிரிவை நீங்களே எழுதித் தருவீர்களா?"

குப்பைக்குள் கைவிட்டு மோதிரத்தை எடுத்துத் துடைத்து என்னிடமே கொடுத்தது போல இருந்தது. சரி என்றேன். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். இந்த விதி வந்தால் என் பெயர் திரும்பக் கிடைக்குமா?

"கிடைக்காது" என்றார் லிட்டியா. "விதி இனிமேல் வருபவர்களுக்கு. எங்கள் தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் பெயர் இப்படித்தான் போனது. இப்போது அங்கே எடை குறைக்கும் மாத்திரை விற்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நான் இங்கே வந்தேன்."

ஜூலை 4, வெள்ளி

கிடைக்காதாம். பிறகு எதற்கு நான்? இனிப் போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிரிவை எழுதினேன். மூன்று வரிக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. மாணவிகள் இப்போது நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிறார்கள். இன்னொரு ஊரில் இன்னொருத்தி நிற்க வேண்டாமே.

ஆரம்பத்தில் இந்தத் தளத்துக்கு நேரம் சேர்த்தது நினைவுக்கு வந்தது. நான் நோட்டுடன் மரத்தடியில் நிற்பேன். எனக்குக் கண்டக்டர்களிடம் போய்ப் பேச வராது. அவன்தான் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே கத்துவான்: "ஏ மாப்ளே, சந்திப்புக்கு எப்ப எடுக்க?" கதீட்ரல் பாடகர் குழுவில் முதல் வரிசைக் குரல். ஹாரன் அடித்தாலும் அமுங்காது. பேருந்துக்குள் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று பெயர் விற்பவர்களும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். என் பிரிவை வரைவில் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும் நாள். எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். வாக்கெடுப்பு கிடையாது. பலமான காரணத்தோடு ஒருவர் மறுத்தால், அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். முடியாவிட்டால் பிரிவு போய்விடும்.

அவர்கள் சார்பில் ஒருவர் பேசினார். மிகவும் மரியாதையான மனிதர். "இது அக்கறை இல்லாத உரிமையாளர்களுக்காகப் போடும் விதி. அக்கறை இல்லாதவருக்கு எத்தனை பேர் சொன்னாலும் ஒன்றுதான். நான் சொல்லவில்லை. இந்தப் பிரிவை எழுதிய திரு. தில்லைநாயகமே சொல்லியிருக்கிறார். அவருடைய கருத்தின் இரண்டாம் பக்கம். 'உரிமையாளர் வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சாகவிட்டார்.' வேண்டுமென்றே சாகவிட்டவருக்கு இரண்டாவது முகவரி என்ன உதவி செய்யும்?"

லிட்டியா என்னைப் பார்த்தார். "திரு. தில்லைநாயகம், பதில் சொல்கிறீர்களா?"

ஒலிவாங்கியைத் திறந்தேன். என் வாக்கியம், என் கூர்மையான ஆங்கிலம், திரையில் மஞ்சள் நிறத்தில் நின்றது. ஒலிவாங்கியை மூடிவிட்டேன். அப்படியானால் பிரிவை எடுத்துவிடலாமா என்று லிட்டியா கேட்கத் தொடங்கியபோது மரியானா குறுக்கிட்டாள்.

"எழுத்தில் ஒரு கருத்து வந்திருக்கிறது. எபனேசர் சாமுவேல், பாளையங்கோட்டை."

ஸ்பானிய மொழிக்காரி. அந்தப் பெயரை உருட்டி உருட்டிச் சொன்னாள். பிறகு நிதானமாக வாசித்தாள்.

"அந்தப் பெயர் என் பொறுப்பில் இருந்தது. அது எப்படிப் போனது என்று தேடியபோதுதான் இந்தக் கருத்துகளைப் படித்தேன். நான் அதைச் சாகவிடவில்லை. எச்சரிக்கைகள் என் கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. நான் ஓய்வு பெற்ற அன்றே கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டது. தளம் பறிபோன மாதத்தில் நான் வேலூரில் மருத்துவமனையில் இருந்தேன். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். குரல் போய்விடும், பாடம் நடத்த முடியாது என்று தெரிந்துதான் போன வருடமே வேலையை விட்டேன். அதனால்தான் இப்போதும் எழுதுகிறேன், பேசவில்லை. பதிவுசெய்த அன்று இன்னொரு பெயரைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் தில்லைநாயகத்தின் பெயரைக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அதற்கு ஓர் இடமே இல்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் பேருந்து விஷயம் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டார். இந்தப் பிரிவு இருக்க வேண்டும். கருத்து முடிந்தது."

ஒரு சொல்லையும் கூட்டவில்லை. குறைக்கவில்லை.

அந்தக் குரல் சாலைக்கு அந்தப் பக்கம்வரை எட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இன்று அது மூன்றாம் தெருவிலிருந்து கிளம்பி, கடல்களைத் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தொண்டைக்குள் புகுந்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் எனக்கு வந்து சேர்ந்தது. என்னைச் சுற்றி உலகம் இவ்வளவு பெரிதாக விரிந்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு சிறிதாகவும்.

"நீங்கள் இருவரும் ஒரே ஊரா?" என்று லிட்டியா கேட்டார். "எவ்வளவு தூரம்?"

"இரண்டு தெரு" என்றேன்.

கூட்டத்தை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் அதைத் தங்கள் மொழிகளில் சொல்லி முடித்தார்கள். விற்பவர்கள் சார்பில் பேசியவர் தொண்டையைச் செருமினார். "என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார். பிரிவு வரைவிலேயே நிலைத்தது.

கூடத்துக்கு வந்தேன். வடிவு டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்ல வந்தேன். அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீய" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

மூன்றாம் தெரு. அவன் மனைவி ரூபி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. ஒரு வருசமா இந்த வழியாத்தான் பால் வாங்கப் போறீய. இன்னைக்குத்தான் வாசப்படி கண்ணுல பட்டுதாக்கும்."

எபனேசர் நாற்காலியில் இருந்தான். மெலிந்துவிட்டான். கழுத்தில் வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் கைபேசியில் தட்டிக் காட்டினான்.

"எட்டுப் பக்கம் ஏசியிருக்கீரே வே. அதுல எனக்கு ஒரு பக்கம்தானா? அவ்வளவுதானா நம்ம பழக்கம்?"

"இன்னும் எழுதியிருப்பேன். இடம் பத்தல" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சநேரம் ஆனது.

நாற்காலியைப் பற்றி அவனும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துவிட்டு வந்தேன். தூசி இருந்தது, அதனால் துடைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

தளத்துக்குப் புதுப்பெயர் எடுத்தோம். பழைய பெயரில் அந்தப் பெண் இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறாள். பதிவுசெய்யும்போது இன்னொரு பெயரை இன்னும் கேட்கவில்லை. விதி வரக் காலம் ஆகும். கேட்காவிட்டால் என்ன என்று இருவர் வீட்டு நாட்காட்டியிலும் புதுப்பிக்கும் நாளைச் சிவப்பில் வட்டமிட்டோம்.

மார்க்கெட் நிறுத்தத்தில் நேரங்களைச் சரிபார்த்தோம். நோட்டு இப்போது அவனிடம். கத்துவது நான். முதல் தடவை கண்டக்டருக்குக் கேட்கவே இல்லை. எபனேசர் கையை மேலே மேலே என்று காட்டினான். "ஏ மாப்ளே!" என்றேன். பேருந்துக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கூட்ட நேரம் மாறிவிட்டது. தூக்கம் கெடுவது இப்போது எங்கள் முறை. விடிகாலை ஐந்தரைக்கு எபனேசர் துண்டைப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். வடிவு இருவருக்கும் சுக்குக் காப்பி வைத்தாள். திரையில் லிட்டியாவின் ஜன்னலுக்குப் பின்னால் உச்சி வெயில்.

பிரிவின் நுணுக்கங்களைப் பற்றிப் பேச்சு. நான் ஒரு யோசனை சொன்னேன். இரண்டாமவருக்குத் தகவல் மட்டும் போதாது, பெயரை அவரே புதுப்பித்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும். நன்றாகவே வாதிட்டேன். கேமரூன் பெண் தலையாட்டினார்.

பக்கத்தில் எபனேசர் தட்டிக்கொண்டிருந்தான். திரையை என் பக்கம் திருப்பவில்லை.

"ஒரு கருத்து வந்திருக்கிறது. எபனேசர் சாமுவேல், பாளையங்கோட்டை" என்றாள் மரியானா.

"தலைவி அவர்களே" என்றேன். "அனுமதித்தால் இதை நான் வாசிக்கலாமா?"

லிட்டியா எபனேசரைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். "விதி தெரியுமல்லவா?" என்றார் என்னிடம். "கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

தெரியும் என்றேன். எழுந்து நின்றுகொண்டேன். சாலையின் அந்தப் பக்கம் நிற்கும் பேருந்துக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

"தில்லைநாயகம் சொல்வது தவறு. அவர் பல விஷயங்களில் தவறு. இரண்டாமவருக்குப் பெயரை எடுத்துக்கொள்ளும் உரிமை தேவையில்லை. அவருக்கு ஒரு கடமை மட்டும் போதும். முதலாமவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும். கதவைத் தட்ட வேண்டும்."

மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"கருத்து முடிந்தது" என்றேன்.